வளையம் வைத்துத் தைத்த காற்றுப்பை

கோபம் வந்தால் கேன்வாஸ் அக்காவின் தையல் இயந்திரத்தில் ஊசி உடையும். தடித்த துணிக்கென்றே வரும் முரட்டு ஊசி அது, லேசில் உடையாது. ஆனால் அக்கா கோபத்தை வாயில் காட்டுவதற்கு முன்னால் காலில் காட்டுவாள். அவள் மிதிக்கிற மிதியில் இயந்திரம் வெறிபிடித்து ஓடும், துணியின் மடிப்பில் போய் முட்டும், டக்கென்று ஊசி முறியும். யார் காலிலும் குத்திவிடக் கூடாதே என்று உடைந்த துண்டுகளை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பாள். அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த டப்பாவை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே, அன்றைக்கு மனைவியிடம் வாய் கொடுக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்வார்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாகத் தார்ப்பாய், லாரி மூடி, கடை முகப்பில் இழுத்துக் கட்டும் வெயில் மறைப்பு, கூடாரம் என்று முரட்டுத் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. நீளமான பலகை மேஜை, அதன் நடுவில் பதித்த இயந்திரம், சுவரோரம் ஆள் உயரத்துக்குச் சுருட்டி நிறுத்திய துணிகள், ஆணியில் தொங்கும் ஒரு இரும்புக் கத்தரிக்கோல். அந்தக் கத்தரிக்கோலை வேறு யாரும் தொடக் கூடாது. கணவர் ஒருமுறை தெரியாத்தனமாக அதை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டு, மூன்று நாள் தனக்குத் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

ஊருக்கு வெளியே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி இருந்தது. ஒன்பது குட்டி விமானங்கள், ஒரே ஒரு ஓடுபாதை, தகரக் கூரை போட்ட கொட்டகை இரண்டு. விமானங்களுக்கு மூடி தைத்துக் கொடுப்பது அக்காதான். கேன்வாஸ் அக்கா என்ற பெயரே அங்கே வைத்ததுதான். மூடிகளை எல்லாம் விட அவள் பெருமையாக நினைத்த வேலை ஒன்று உண்டு. ஓடுபாதையின் ஓரத்தில் உயரமான கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிக்குழாய் பறக்குமே, காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுவதற்கு, அந்தக் காற்றுப்பை. அகலமான வாய் காற்றைப் பார்த்துத் திரும்பும், குறுகலான வால் காற்று போகும் பக்கம் நீளும். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். அப்போதுதான் வேகம் அடங்கும். காற்று முதுகில் தள்ளும்போது இறங்கினால் நிற்காமல் ஓடும். வருடத்துக்கு இரண்டு பை வெயிலில் வெளுத்து நைந்துபோகும், இரண்டு புதிதாகத் தைப்பாள். 

"மேல போறவங்க எல்லாம் என் துணியைப் பார்த்துட்டுத்தான் கீழ வர்றாங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வாள். அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இருக்கட்டுமே, அவ்வளவு சுத்தமாகத் தைத்தாள்.

பள்ளியின் மேலாளருக்கு அக்கா வைத்திருந்த பெயர் பளபளப்பு. நாற்பது வயது. விமானம் பறக்கிறதோ இல்லையோ, மின்ன வேண்டும். வாசலில் பூந்தொட்டிக்குக்கூட வெள்ளையடிப்பார். வேலை ஆக வேண்டுமானால் அவளை "அக்கா" என்பார். ஆன பிறகு "அம்மா" என்பார். அவர் வாயிலிருந்து எது வருகிறது என்பதை வைத்தே அன்றைய காரியம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அக்காவுக்குப் புரிந்துவிடும்.

அந்தப் பளபளப்பு ஒருநாள் பட்டறைக்கே வந்து, "அக்கா, அக்கா" என்று இரண்டு முறை கூப்பிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், புகைப்படக்காரர் வருகிறார், பள்ளிக்குப் புதுக் கட்டடம் கிடைக்கும் போலிருக்கிறது.

"காலையில ஒன்பது மணிக்கு போட்டோ. அந்த நேரத்துல காத்தே இருக்காது. பை தொங்கிக்கிட்டு இருக்கும். பார்க்கவே அசிங்கமா இருக்கு அக்கா."

"காத்து இல்லன்னா தொங்கத்தான் சார் செய்யும். காத்து இல்லைன்னு அது சொல்லுது."

"அதுக்கு உள்ள நாலு வளையம் வச்சு, நீளத்துக்கு ஒரு கம்பி கொடுத்துத் தைங்களேன். எப்பவும் விறைப்பா நிக்கும். போட்டோவுல ஜம்முனு இருக்கும்."

"சார், அது பொம்மை ஆயிடும்."

"ஒரே ஒரு நாள் அக்கா. மறுநாள் காலையில கழட்டிட்டு நல்ல பையைப் போட்டுருவோம். நல்லதையும் சேர்த்தே தைச்சுக் கொடுத்துருங்க."

அக்கா தைத்தாள். இதை எங்கேயும் ஒளிக்க வேண்டியதில்லை, தைத்தாள். மூங்கில் பட்டையில் நாலு வளையம், நீளத்துக்கு இரண்டு மெல்லிய கம்பி, எல்லாவற்றுக்கும் உள்பக்கம் உறை. இரண்டு மணி நேர வேலை. தைக்கும்போது ஊசி ஒன்றுகூட உடையவில்லை. பின்னால் அவளை அதிகமாக உறுத்தியது இதுதான்: வேலை நன்றாக வருகிறதே என்று அன்றைக்கு அவள் ரசித்துத்தான் தைத்திருக்கிறாள். இரண்டு பைகளையும் தனித்தனியாக மடித்து, நல்லதைக் காகிதத்தில் சுற்றிக் கணவரின் வேனில் அனுப்பினாள்.

விழா நடந்தது, போட்டோ எடுத்தார்கள், பெரிய ஆட்கள் போனார்கள். அதோடு அக்கா அதை மறந்துபோனாள்.

பதினோரு நாள் கழித்து அந்த விபத்து. ஒரு மாணவி தனியாகப் பறந்துவிட்டு இறங்கும்போது விமானம் நிற்காமல் ஓடிப் பாதையின் கோடியில் இருந்த வடிகாலில் மூக்கைக் குத்திக்கொண்டது. முன்சக்கரம் ஒடிந்தது, விசிறி வளைந்தது, பெண்ணுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கணவர் வந்து சொன்னபோது அக்கா "அய்யோ பாவம், உயிருக்கு ஒண்ணும் இல்லையே" என்று கேட்டுவிட்டு லாரி மூடிக்கு ஓரம் அடிப்பதைத் தொடர்ந்தாள்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே பட்டறை வாசலில் வந்து நின்றாள். இருபது வயதிருக்கும். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் ஒரு பை, அதற்குள் அவளுடைய வெள்ளைச் சீருடைச் சட்டை.

"அக்கா, ஆஸ்பத்திரியில கையை வெட்டிட்டாங்க" என்றாள். உடனே திருத்திக்கொண்டாள். "சட்டைக் கையை."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சட்டை தைக்கிறவள் நானில்லை, அடுத்த தெருவுக்குப் போ என்று சொல்ல வேண்டியவள், சட்டையை வாங்கிப் பார்த்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே வெட்டு. "புதுசு ஒண்ணு வாங்கிக்கக் கூடாதாம்மா?"

"விசாரணை இருக்கு. இன்னும் நாலு நாள்ல. சீருடையில வரணுமாம். நீக்கப்போறாங்கன்னு பேசிக்கிறாங்க, எதுக்குப் புதுசு?"

"எதுக்கு நீக்கணும்?"

அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இதுவரை யாரிடமும் சொல்லி எடுபடாததை இன்னொரு முறை சொல்கிற சலிப்பு அவள் குரலில் இருந்தது.

"காத்து முதுகுல அடிக்கும்போது இறங்கிட்டேனாம். பையைப் பார்க்காம இறங்கிட்டேனாம். நான் பார்த்தேன் அக்கா. சத்தியமாப் பார்த்தேன். இறங்குறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி அதைத்தான் முதல்ல பார்க்கணும்னு சொல்லித் தந்திருக்காங்க. பை நல்லா விறைப்பா, மேற்குக் காத்துன்னு காட்டுச்சு. ரேடியோவுலயும் கேட்டேன். வழக்கமான திசைதான், இறங்குன்னாங்க. மேற்கே பார்த்து இறங்கினேன். தரையைத் தொட்டதும் வண்டி நிக்கவே மாட்டேங்குது. அப்புறம் பார்த்தா கிழக்கேயிருந்து மழைக்காத்து அடிச்சிருக்கு. பை பொய் சொல்லுமான்னு எல்லாரும் என்னைக் கேக்குறாங்க."

நல்லா விறைப்பா. அக்கா கையிலிருந்த சட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"எவ்வளவு விறைப்பா?" என்று கேட்டாள்.

"அப்படியே நேரா. போட்டோவுல இருக்கிற மாதிரி."

அக்கா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சட்டையை மறுநாள் தருவதாகச் சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பினாள். தெருமுனையில் அவள் தலை மறைந்ததும் ஒரு நூல்கண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போனாள்.

கம்பம் சிவப்பும் வெள்ளையுமாகப் புதுப் பெயின்ட்டில் மின்னியது. உச்சியில் அவள் கையால் தைத்த பொம்மை, வாயை மேற்கே வைத்துக்கொண்டு, வாலைக் கிழக்கே நீட்டிக்கொண்டு, கம்பீரமாக நின்றது. அக்கா நூல்கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்து விரல் நுனியில் தூக்கிப் பிடித்தாள். நூல் வடக்கே பறந்தது. பை கிழக்கே நீட்டியபடி அசையாமல் இருந்தது. இன்னொரு முறை பிடித்தாள். நூல் மறுபடியும் வடக்கேதான்.

கம்பத்தின் அடியில் பெயின்டர் ஒருவர் பூந்தொட்டிகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், பழகியவர்.

"அண்ணே, பை ஏன் திரும்பல?"

அவர் அண்ணாந்து பார்த்தார். "திரும்பலையா?"

"மேல சுத்துற வளையம் இருக்குமே, அதுக்கும் பெயின்ட் அடிச்சீங்களா?"

"சார்தான் ஒரு இடம் விடாம அடின்னாரு. ரெண்டு கோட்டு அடிச்சேன்."

"அறிவு இருக்கா உங்களுக்கு? சுத்துற இடத்துல போய் யாராவது பெயின்ட் அடிப்பாங்களா? காஞ்சா பிடிச்சுக்காதா? ஒரு பொண்ணு கை போச்சு தெரியுமா?"

கொட்டகை வரைக்கும் கேட்டது அவள் குரல். பெயின்டர் தூரிகையைக் கீழே வைத்தார். "நீ என்னம்மா என்கிட்ட கத்துற? சொன்னாங்க, செஞ்சேன். எனக்கு எது சுத்தும் எது சுத்தாதுன்னு யாரு சொன்னா?"

அவருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவள் தெரிந்தே செய்தாள். வாயில் வந்திருந்த அடுத்த வசவை அவள் அப்படியே விழுங்கினாள்.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள். அறையில் அந்தப் போட்டோ, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. வரிசையாகப் பெரிய மனிதர்கள், பின்னால் விறைப்பான பை.

"சார், பொம்மையை ஏன் இன்னும் கழட்டல?"

பளபளப்பு எழுந்து கதவைச் சாத்தினார். "அக்கா, உக்காருங்க. அது பார்க்க நல்லா இருக்குன்னு தலைமை அலுவலகத்துல சொன்னாங்க. ரெண்டு நாள் இருக்கட்டும்னு விட்டேன். வேலை மும்முரத்துல மறந்துட்டேன். இங்க எப்பவும் மேற்குக் காத்துதானே? வருஷத்துல பத்து நாள் மாறினா அதிகம்."

"அந்தப் பத்துல ஒரு நாள் அந்தப் பொண்ணு இறங்கியிருக்கா."

"அவளும் கவனமா இருந்திருக்கணும்."

"அவ ஒருத்திதான் சார் பையைப் பார்த்திருக்கா! மத்தவங்க எல்லாரும் வழக்கம் வழக்கம்னு நிமிர்ந்துகூடப் பார்க்கல. பார்த்தவளுக்குத் தண்டனையா?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சரிங்கம்மா. நீங்க போய்ச் சொல்லுங்க. ஆனா யோசிச்சுக்கங்க. வளையம் வைக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேனா? தைச்சது யாரு? பையில தப்புன்னா முதல்ல கேக்கப்போறது தைச்சவங்களைத்தான். அப்புறம் இந்தப் பள்ளியில மட்டுமில்ல, எங்கேயும் ஒரு மூடி தைக்க முடியாது உங்களால."

அம்மா ஆகிவிட்டாள். அதிலிருந்தே காரியம் முடிந்துவிட்டது என்று அவர் நினைப்பது தெரிந்தது. அக்காவுக்கு நெஞ்சு கொதித்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால் இன்னும் கொதித்தது. பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள்.

ஒன்று மட்டும் செய்தாள். "இப்பவே அதைக் கீழ இறக்குங்க. இறக்குற வரைக்கும் நான் கம்பத்தடியை விட்டு நகரமாட்டேன்" என்று போய் நின்றுவிட்டாள். பெயின்டர் ஏணி வைத்து ஏறினார். சுத்தியலால் ஐந்தாறு தட்டுத் தட்டின பிறகே சுழல் வளையம் பெயின்ட் சில்லுகளை உதிர்த்துக்கொண்டு முனகித் திரும்பியது. கிடங்கில் காகிதம் பிரிக்காமல் கிடந்த நல்ல பையை அதில் மாட்டினார். மாட்டிய நொடியில் அது வடக்கே திரும்பிப் படபடத்தது. பொம்மையை அக்கா சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அது பள்ளியை விட்டுப் போனதில் பளபளப்புக்குப் பரம சந்தோஷம்.

அதன் பிறகு நாலு நாள். அக்காவின் வாழ்க்கையில் அவளுக்கே பிடிக்காத நாலு நாள்.

பொம்மை மேஜைக்கு அடியில் கிடந்தது, கால் நீட்டினால் வளையம் இடித்தது. சட்டையைத் தைத்தாள். இயந்திரத்தில் வைக்காமல், கையால், வெட்டின இடத்தில் இழைக்கு இழை கோத்து, திருப்பிப் பார்த்தாலும் தெரியாதபடி தைத்தாள். அந்தப் பெண் வந்து வாங்கும்போது "வெட்டினதே தெரியலையே அக்கா!" என்று முகம் மலர்ந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். பொம்மை இருவருக்கும் நடுவில், மேஜையின் கீழே, எட்டுகிற தூரத்தில் இருந்தது. அக்கா "கை வலிக்குதா?" என்று கேட்டாள். "ராத்திரியில கொஞ்சம்" என்றாள் அவள். கூலி வாங்க மாட்டேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். அந்தப் பெண் ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் முதல் ஊசி உடைந்தது.

பயம்தான். வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு இல்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் தைத்த எதையும் யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. கேன்வாஸ் அக்கா தைத்த பையால் விமானம் விழுந்தது என்று ஊர் பேசும். சொந்தக்காரர்கள் பேசுவார்கள். எந்தப் பெருமையைச் சொல்லித் திரிந்தாளோ அதுவே திரும்பி வந்து முகத்தில் அறையும். ஒருவேளை விசாரணை அதிகாரிகளே உண்மையைக் கண்டுபிடித்துவிட்டால் தான் சொல்ல வேண்டியதே இல்லையே என்றும் ஒரு மூலையில் எண்ணம் ஓடியது. அந்த எண்ணம் ஓடுகிறதே என்று கண்டதும் மிதியை ஓங்கி மிதித்தாள். ஊசி உடைந்தது.

நாலாம் நாள் மத்தியானம் கணவர் பள்ளியில் ஒரு மூடியை இறக்கிவிட்டு வந்தார். மாத்திரை டப்பாவை எடுத்துக் குலுக்கினார். பிறகு மூடியைத் திறந்து எண்ணினார்.

"பதினாலு. ஊசிக் கம்பெனிக்காரனுக்கு உன்னால வாழ்வு" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு முந்தாநாளே எழுதிக் கொடுத்துட்டாளாம். பையைப் பார்க்கல, என் தப்புதான்னு. ஒத்துக்கிட்டா நீக்கமாட்டோம், ஆறு மாசம் நிறுத்தி வச்சுட்டுத் திரும்பச் சேர்த்துப்போம்னு மேலாளர் பேசியிருக்காரு. இப்ப மூணு மணிக்கு விசாரணை."

"பார்க்கலைன்னு எழுதிக் கொடுத்தாளா? பார்த்தாளே!"

"உனக்குத் தெரியுது. எனக்கும் தெரியுது. வேற யாருக்குத் தெரியும்?"

அக்கா அவரையே பார்த்தாள். இந்த மனிதர் நாலு நாளாக மேஜைக்கு அடியில் கிடந்ததைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீங்க முன்னாடியே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"கத்தரிக்கோலைத் தொட்டதுக்கே மூணு நாள் தனிச் சமையல். இதைத் தொட்டா என்ன ஆகும்னு பயந்தேன்" என்றார். பிறகு சாவியை எடுத்தார். "வண்டியில ஏறு. மணி ரெண்டே கால்."

விசாரணை ஒரு வகுப்பறையில் நடந்தது. கரும்பலகையில் முந்தின பாடத்தின் அம்புக்குறிகள் அழியாமல் இருந்தன. வெளியிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட பெண்மணி, ஆசிரியர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். பளபளப்பு ஒரு பக்கம். அந்தப் பெண் இன்னொரு பக்கம், அக்கா தைத்த சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு. கதவருகில் நின்ற காவலாளி "உள்ள போகக் கூடாதும்மா" என்பதற்குள் அக்கா உள்ளே போய்விட்டாள். பையிலிருந்து பொம்மையை உருவி அதிகாரியின் மேஜைமேல் போட்டாள். அது சுருண்டு கிடந்தது போதும் என்பது போல விறைப்பாக நீண்டு, தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது.

"யாரம்மா நீங்க?"

"இந்தப் பொண்ணு பார்த்த பை இதுதான். தைச்சவ நான்."

"மேடம், இவங்க வெளியாளு, விசாரணைக்குச் சம்பந்தமில்லாத..." என்று பளபளப்பு எழுந்தார்.

"உக்காருங்க சார்!" என்றாள் அக்கா. அந்தக் குரலுக்கு அவர் மட்டுமில்லை, கதவருகே நின்ற காவலாளியும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அக்கான்னு கூப்பிட்டு வளையம் வைக்கச் சொன்னப்ப நான் வெளியாளா? ஒரே நாள்னு சொல்லிட்டுப் பதினாலு நாள் பறக்க விட்டீங்களே, அப்ப நான் வெளியாளா? சுத்துற இடத்துக்கு ரெண்டு கோட்டு பெயின்ட் அடிக்க வச்சீங்க. நல்ல பை கிடங்குல காகிதம் பிரிக்காமக் கிடந்துச்சு. போட்டோவுக்காக மேல ஒரு பொய்யைக் கட்டித் தொங்கவிட்டுட்டு, அதை நம்பினவளைக் குத்தவாளி ஆக்குறீங்களே, வெக்கமா இல்ல?"

அதிகாரி வளையங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். பையின் வாயோரத்தில் ஒட்டியிருந்த பெயின்ட் சில்லுகளைப் பார்த்தார். பெயின்டரைக் கூப்பிட்டு விட்டார். அவர் வந்து, ஒரு இடம் விடாமல் அடித்ததையும் சுத்தியலால் தட்டியதையும் உள்ளபடி சொன்னார். எல்லாவற்றையும் அதிகாரி எழுதினார். எழுதி முடித்து அக்காவிடம் வாசித்துக் காட்டினார்: மேலாளர் வற்புறுத்திக் கேட்டதன் பேரில் வளையம் வைத்துத் தைக்கப்பட்டது.

"அப்படி இல்ல மேடம்" என்றாள் அக்கா. "அவரு கேட்டாரு. தைச்சது நான். ரெண்டையும் எழுதுங்க."

"தைக்கும்போது அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் தைச்சீங்க?"

வழியெல்லாம் அக்கா எத்தனையோ வசனம் தயார் செய்து வந்திருந்தாள். இந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை. "மறுநாள் கழட்டிருவாங்கன்னு நினைச்சேன்" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு சோப்ளாங்கிப் பதில் என்று அவளுக்கே தெரிந்தது. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். கையில் ஒரு காகிதம் இருந்தது. "பையைப் பார்க்கலைன்னு கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கே. பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன் மேடம்."

"அப்ப இது பொய்யா?"

"பொய்தான்."

"விமானம் ஓட்டுறவ விபத்தைப் பத்திப் பொய் எழுதிக் கொடுத்தா, நாளைக்கு உன்னை எப்படி நம்புறது?"

காப்பாற்ற வந்தவள் கண் முன்னால் அந்தக் காகிதத்தையும் எடுத்துக் கோப்பில் வைத்தார்கள்.

வெளியே நடைபாதையில் அந்தப் பெண் அவளுக்காகக் காத்திருந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து அக்கா "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா" என்று ஆரம்பித்தாள்.

"சட்டை கொடுக்க வந்தேனே, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா நின்றாள். "தெரியும்."

"வாங்கிட்டுப் போக வந்தப்பவும் தெரியும்."

"ஆமா."

"நாலு நாள்" என்றாள் அந்தப் பெண். கத்தவில்லை. "ரெண்டாவது நாள்தான் அக்கா நான் கையெழுத்துப் போட்டேன். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒருவேளை நான்தான் சரியாப் பார்க்கலையோன்னு என்னையே சந்தேகப்பட்டுட்டேன். என் கண்ணையே நம்பாமப் போட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பேப்பரே இருந்திருக்காது. கூலி வேண்டாம்னீங்களே. அது எதுக்குன்னு இப்பத்தான் புரியுது."

மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். அக்காவுக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. பாய்வதற்குத் தன்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தது. காரணங்கள்: பெயின்ட்டால் பிடித்துக்கொண்ட சுழல் வளையம், விதிக்குப் புறம்பாக வளையம் வைத்துத் தைத்த காற்றுப்பை, கம்பத்தைச் சோதிக்காத நிர்வாகம். விமானத்தை இறக்கியதில் மாணவி மேல் தவறில்லை. பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு ஓர் எச்சரிக்கை, அது அவளுடைய கோப்பில் நிரந்தரமாக இருக்கும். பளபளப்பை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். அங்கேயும் மேலாளர்தான். இதைக் கேட்ட அன்று அக்கா ஒரே உட்காரலில் மூன்று ஊசி உடைத்தாள். பள்ளியின் வேலைகள் நின்றுபோயின. மூடி வேறு ஊரிலிருந்து வந்தது, பையும் வேறு ஊரிலிருந்து வந்தது. கடைத்தெருவில் யாராவது அவளிடம் மெல்லக் கிளறினால், "ஆமா, நான் தைச்சதுதான். தெரிஞ்சே தைச்சேன். வேற என்ன வேணும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டு அனுப்பினாள்.

எட்டு மாதம் கழித்து, பெட்ரோல் பங்கில் வேன் வரிசையில் நின்றது. முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, அந்தப் பெண் டேங்க் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். வலது கையால்தான் திறந்தாள். அதே வெள்ளைச் சட்டை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை அக்கா கண்ணால் தேடினாள். தையல் போன இடமே தெரியவில்லை. நெஞ்சுப் பையின் மேலே புதிதாக ஒரு சின்னம், இரண்டு பக்கமும் இறக்கை விரித்தது. விமானி ஆகிவிட்டவர்களுக்குக் கொடுப்பது. அதை யாரோ அவசரத்தில் தைத்திருந்தார்கள். இடது இறக்கை கால் அங்குலம் தாழ்ந்து கிடந்தது. ஓரத்தில் நூல் சுருங்கித் துணியை இழுத்துப் பிடித்திருந்தது.

அக்காவின் கை தானாகப் பைக்குள் போயிற்று. ஊசி இருந்தது, வெள்ளை நூல் இருந்தது. பிரித்து நேராக வைத்துத் தைக்க நாலு நிமிடம் போதும்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். வேனைப் பார்த்தாள், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. பெட்ரோல் போட்டு முடித்ததும் காசைக் கொடுத்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

"யாரு, அந்தப் பொண்ணா?" என்று கேட்டார் கணவர்.

"கோணலாத் தைச்சு வச்சிருக்காங்க" என்றாள் அக்கா. "எவ கையில கொடுத்தாளோ. கோணலாத் தைச்சு வச்சிருக்காங்க."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். கணவர் வண்டியை முன்னால் எடுத்தார்.